விதிப்புத்தகம் போதாது

ஒழுக்கவியல் பேராசிரியர் என்றால் செய்யலாம், செய்யக்கூடாது என்று பட்டியல் போடுபவர் என்றுதான் நினைப்போம். டென்மார்க்கின் லூத்தரன் இறையியலாளர் க்னுட் லோக்ஸ்ட்ரப் (1905-1981) பட்டியல் போட மறுத்தவர். ஃபூனன் தீவில் கிராமத்துப் போதகராக இருந்தவர், 1943-இல் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நாடு அப்போது ஜெர்மன் படையின் பிடியில். அவர் மனைவி ஜெர்மானியர். அவரே ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் தத்துவவாதி ஹைடெக்கரிடம் பாடம் கேட்டவர். ஆனாலும் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார், தலைமறைவாகவும் நேர்ந்தது.

1956-இல் வெளிவந்த அவருடைய ‘ஒழுக்கக் கோரிக்கை’ நூல் நம்பிக்கையிலிருந்து தொடங்குகிறது. முன்பின் தெரியாதவரிடம் வழி கேட்கிறோம். அவர் கை காட்டிய பக்கம் நடக்கிறோம். அடையாள அட்டை கேட்பதில்லை. இப்படி நம்பும்போது நம் வாழ்வில் கொஞ்சத்தை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அதைக் காப்பது அவர் பொறுப்பாகிறது என்பது லோக்ஸ்ட்ரப்பின் வாதம். எப்படிக் காப்பது என்று லோக்ஸ்ட்ரப் சொல்லித் தருவதில்லை. அவரவர் புத்தியைக் கொண்டு முடிவெடுக்க வேண்டும். உதவுகிறேன் என்று அடுத்தவர் வாழ்க்கையைக் கைப்பற்றவும் கூடாது என்று எச்சரிக்கிறார்.

இன்று பல நிறுவனங்களில் நன்னடத்தை விதிகளில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போட்டுவிடுகிறார்கள். விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், விதியை மீறாமலே ஒருவரை நட்டாற்றில் விட முடியும். அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு சுற்றறிக்கை உதவாது, லோக்ஸ்ட்ரப் உதவுவார்.