தாளத்துக்குப் பட்டா கிடையாதாம்

நான் ஸ்டூடியோ வாசலை மிதித்து வருடக்கணக்காகிறது. ஆனாலும் புதுப் படப் பாட்டுகளில் நான் வாசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். டீக்கடை, பஸ், பக்கத்து வீட்டுப் பையனின் செல்போன் என்று எங்கிருந்தாவது என் ஸ்நேர் ட்ரம் கேட்டுவிடுகிறது. சந்தேகத்துக்கே இடமில்லை. அடித்தோலுக்குக் கீழே ஓடும் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, மேல்தோலின் ஓரத்தில் ஒரு துண்டுத் துணியை ஒட்டி, குச்சி தோலிலும் இரும்பு விளிம்பிலும் ஒரே நேரத்தில் விழும்படி அடிக்கிற அடி அது. காலமெல்லாம் அடித்து அடித்துப் படிந்த சத்தம். பெற்ற பிள்ளை கூட்டத்தில் நின்று கூப்பிட்டால் தகப்பனுக்குத் தெரியாதா?

அந்தப் பாட்டுகளுக்காக எனக்கு யாரும் ஒரு ரூபாய் தந்ததில்லை. என்னைக் கேட்டதும் இல்லை.

நடந்தது இதுதான். ஒரு இசையமைப்பாளர், பெயர் வேண்டாம், வாய்ப்புக் கொடுத்த மனுஷன் என்ற நன்றி இன்னும் என் வாயைக் கட்டிப்போடுகிறது. அவருடைய இன்சார்ஜ் போன் பண்ணினார். "அண்ணே, நாளைக்கு ஒரு கால்ஷீட். பாட்டு இல்ல, ரீரெக்கார்டிங்கும் இல்ல. சும்மா சவுண்டு மட்டும் எடுத்து வச்சுக்கிறோம்." போனேன். காலை ஏழு மணியிலிருந்து ட்ரம் கிட்டைத் தனித்தனியாக அடிக்கச் சொன்னார்கள். கிக் மட்டும். பிறகு ஸ்நேர் மட்டும்: மெதுவாக, கொஞ்சம் அழுத்தி, முழுப் பலத்தோடு, வலது கையால், இடது கையால். ஹை-ஹாட்டை மூடி, பாதி திறந்து, முழுக்கத் திறந்து. சிம்பலை ஒரு தட்டு தட்டிவிட்டு, அதன் ரீங்காரம் கடைசிவரை அடங்கும்வரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் ஒவ்வொரு டெம்போவிலும் ரோல்கள். என் சொந்த ரோல்கள், கச்சேரி மேடையில் கைதட்டு வாங்கினவை. சாயங்காலம் வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தார்கள். வவுச்சரில் 'ட்ரம்ஸ், ஒரு கால்ஷீட்' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. எத்தனை படத்துக்கு, எத்தனை வருஷத்துக்கு, யார் யார் கைக்குப் போகும், ஒரு வரி கிடையாது.

அதற்குப் பிறகு அந்த இடத்திலிருந்து எனக்கு அழைப்பே வரவில்லை. எதற்கு வரவேண்டும்? நான்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறேனே, ஹார்ட் டிஸ்க்கில்.

அங்கே உதவியாளர்களாக இருந்த பையன்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து தனியாகப் படம் செய்ய ஆரம்பித்தார்கள். போகும்போது ஆளுக்கொரு நகல். அவர்களில் ஒருவனை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டு, "அண்ணே, என்கிட்ட உங்க கிட்டுதான் மெயினா ஓடுது. எல்லாப் படத்துலயும் நீங்கதான்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. களவு போன பொருளை, பறிகொடுத்தவனிடமே காட்டிப் பெருமைப்படுகிறோம் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. அவனைத் திட்டவும் வாய் வரவில்லை, வாழ்த்தவும் மனசு வரவில்லை.

கேட்காமல் விடவில்லை. இசையமைப்பாளரின் மேனேஜரைத் தேடிப்போய்க் கேட்டேன். "அன்னைக்கே செட்டில் பண்ணியாச்சே சார். நீங்க டியூனா போட்டீங்க? தாளத்துக்கெல்லாம் பட்டா போட்டுத் தர முடியுமா?" என்றார். அதுவரை அண்ணனாக இருந்தவன் அந்த நிமிஷத்தில் சார் ஆகிவிட்டேன்.

இந்தப் பதிலை அந்த மேனேஜர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உலகம் முழுக்க ட்ரம்மர்களுக்கு இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. தட்டின் மறுபக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்று ஒரு வாத்திய இசை. நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து நிற்க, கிரிகரி கோல்மன் என்ற ட்ரம்மர் நாலு பார் தனியாக அடிக்கிறார். ஏழு விநாடி இருக்கும். எண்பதுகளில் சாம்ப்ளர் கருவி பரவியதும் அந்த ஏழு விநாடியை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். ஹிப்-ஹாப்காரர்கள் எடுத்தார்கள். இங்கிலாந்தில் ஜங்கிள், ட்ரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அதைத் துண்டாக்கி, மாற்றிக் கோத்து, வேகத்தைக் கூட்டித்தான் எழுந்து நின்றன. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் கோல்மனின் கை இருக்கிறது. கோல்மன் 2006இல் வீடில்லாமல், கையில் காசில்லாமல் செத்துப்போனார். 2015இல் மனசாட்சியுள்ள சிலர் இணையத்தில் நன்கொடை திரட்டியபோது 24,000 பவுண்டு சேர்ந்தது. அதையும் குழுத்தலைவருக்குத்தான் கொடுக்க முடிந்தது. அடித்தவர் செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

இன்னொருவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. ஜேம்ஸ் பிரவுன் குழுவின் ட்ரம்மர். 1970இல் வந்த 'ஃபங்கி ட்ரம்மர்' பாட்டில் அவர் அடித்த அடியைச் சாம்பிள் எடுக்காத ராப் பாடகரே இல்லை என்கிற அளவுக்கு எடுத்தார்கள். பாட்டின் தலைப்பிலேயே ட்ரம்மர் இருக்கிறார். ஆனால் இயற்றியவர் என்ற இடத்தில் ஜேம்ஸ் பிரவுன் மட்டும். ஸ்டபிள்ஃபீல்டுக்குப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரிக் கடன் கழுத்தை நெரித்தபோது, சுமார் 90,000 டாலரைப் பாடகர் பிரின்ஸ் வெளியே சொல்லாமல் கட்டினார். பெரிய மனசு, மறுக்கவில்லை. ஆனால் தர்மம் வேறு, கூலி வேறு. அந்த மனிதருக்கு வரவேண்டியிருந்தது கூலி. அது வராமலே 2017இல் அவரும் போய்விட்டார்.

நான் இயந்திரத்தைத் திட்டுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிஜ ட்ரம்மின் சத்தத்தைச் சில்லுக்குள் அடைத்த முதல் இயந்திரத்தை ரோஜர் லின் 1980இல் செய்தார். இங்கே 1986இல் 'புன்னகை மன்னன்' வந்து, கம்ப்யூட்டர் இசை என்று ஊரெல்லாம் பேசியது. 1992இல் 'ரோஜா'. அப்போதே எங்கள் ரிதம் செக்ஷனில் பலருக்கு வயிற்றில் புளி கரைந்தது. தபேலா, டோலக், காங்கோ, ட்ரம்ஸ் என்று ஒரு வரிசையே உட்கார்ந்து, ஒருவர் தவறினால் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டிய காலம் மலையேறப்போகிறது என்று தெரிந்துவிட்டது. மெல்லிசைக் குழுக்களிலும் அதுதான் கதை. ரோலண்ட் ஆக்டோபேடை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு பையன் ஒருவன் வந்து நின்றால், அஞ்சு பெட்டியோடு வேனில் வருகிற ட்ரம்மரை எந்த ஆர்கனைசர் கூப்பிடுவார்? அது காலம் செய்த வேலை. காலத்தோடு நான் மல்லுக்கட்டவில்லை. நானே பேடு வாங்கி வாசித்தேன், கடனில். என் சண்டை வேறு. அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் கை யாருடையது என்று கேட்கிறேன். கை என்னுடையது என்றால் கூலி மட்டும் ஏன் என்னுடையது இல்லை?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தெரிந்த வக்கீல் ஒருவர் காப்புரிமைச் சட்டத்தை எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். நிகழ்த்துக் கலைஞர் என்றால் யார் யார் என்று அதில் ஒரு பட்டியல். நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி. பாம்பாட்டியோடு ஒரே வரியில் நிற்பதில் எனக்கு வருத்தம் இல்லை, அவரும் வாசிக்கிறவர்தான். 2012இல் வந்த திருத்தம், கலைஞரின் நிகழ்ச்சியை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி உண்டு என்கிறது. உரிமைக்கு ஆயுள் 50 வருஷம். கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கியது. அடுத்த பத்தியை அவர் படித்தார். சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி எங்குமே, படத்தின் பெயர்ப்பட்டியலிலும், அவரைக் குறிப்பிடுவதில்லை என்றால் அவரை அநேகமாகக் கலைஞராகவே எண்ணத் தேவையில்லையாம்.

யார் அந்த வழக்கத்தை உண்டாக்கியது? நாங்களா? பெயர் போடாதது படம் எடுப்பவர்கள். பெயர் இல்லாததால் நீ கலைஞனே இல்லை என்று கைகாட்ட வழி வைத்திருப்பதும் அவர்களுக்குத்தான். ஒரு பாட்டில் ட்ரம்ஸ் துணையானதா, முதன்மையானதா என்று கேட்டால் எந்தத் தயாரிப்பாளரின் வக்கீலும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த டிராக்கை ம்யூட் பண்ணிவிட்டுப் பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள், ஐயா. பிறகு பேசட்டும்.

பாடகர்கள் சேர்ந்து 2013இல் தங்கள் உரிமைச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். பின்னால் அதன் பெயரில் இசைக் கலைஞர்களையும் சேர்த்தார்கள். நல்லது. ஆனால் பாடகருக்குக் குரல் இருக்கிறது, பாட்டின் மேல் பெயர் இருக்கிறது. நான் எந்தப் பாட்டைக் காட்டி உரிமை கேட்பேன்? என்னைத் தனித்தனிச் சத்தமாக அறுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு படத்தில் என் கிக், இன்னொன்றில் என் சிம்பல். நாலு பார் அடித்த கோல்மனுக்காவது, இது உன்னுடையது என்று காட்ட நாலு பார் இருந்தது.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, "ஏன், சிவமணி இல்லையா?" என்பார். இருக்கிறார். மகா கலைஞன், அவர் குச்சியைத் தூக்கினால் நானும் எழுந்து நின்று கைதட்டுகிறவன்தான். ஆனால் ஒரு சிவமணியைக் காட்டி ஓராயிரம் பேரின் வாயை அடைக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. கலெக்டர் ஆன ஒரு பையனைக் காட்டி ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? இளையராஜாவுக்கு ஒரு காலம் முழுக்க வாசித்த புருஷோத்தமனின் பெயர் இசைப் பைத்தியங்களைத் தவிர எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்கே அப்படியென்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன் கதையைச் சொல்லவே வேண்டாம்.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காதுக்குக் கேடு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும் என்கிறது மருத்துவக் கணக்கு. 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். ட்ரம் கிட் 100ஐ அனாயாசமாகத் தாண்டும். அதன் நடுவில் உட்கார்ந்து, காதுக்குள் க்ளிக்கையும் வைத்துக்கொண்டு வயசைத் தொலைத்தேன். இப்போது ராத்திரியில் ஊர் அடங்கினாலும் என் காது அடங்குவதில்லை, ஓயாத இரைச்சல். எங்கள் வேலைக்கு பி.எஃப். இல்லை, காதுக்கு நஷ்டஈடு இல்லை. வாடகை வீடு கேட்டுப் போனால், "ட்ரம்மரா? குடும்பம் இருக்கிற இடங்க" என்று கதவைச் சாத்துகிறார்கள். எனக்கென்னவோ குடும்பம் இல்லாத மாதிரி.

போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் ட்ரம்ஸ் வாத்தியார் வேலைக்குப் போனேன். லண்டன் டிரினிட்டியின் எட்டாவது கிரேடு சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட் நடன விருந்துகளில் வாசித்த ஆங்கிலோ-இந்திய அங்கிள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவன் நான். அவர் சான்றிதழ் கொடுக்கவில்லை, தவறினால் குச்சியால் முட்டியில் ஒன்று கொடுத்தார். இல்லை என்றேன். வெளியே வரும்போது, அந்தப் பள்ளியின் ஆண்டுவிழாவுக்காகப் பிள்ளைகள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டில் வந்த ரோல் என்னுடையது.

ஏ.ஆர். ரஹ்மான் கேசட், சிடி அட்டைகளில் வாசித்தவர்கள் பெயரை அச்சிட்டார். கேசட்டோடு அட்டையும் போயிற்று. இன்றும் சில இளம் இசையமைப்பாளர்கள் யூடியூப்பில் பாட்டுக்குக் கீழே வயலின், வீணை, ட்ரம்ஸ் என்று ஒருவர் விடாமல் எழுதுகிறார்கள். அவர்கள் நன்றாயிருக்கட்டும். அதே பெயர்கள் தியேட்டர் திரையில் வருவதற்கு என்ன தடை? சாப்பாடு போட்டவர், கார் ஓட்டியவர் என்று எல்லாருக்கும் நன்றி ஓடுகிறது. ஓடட்டும், அவர்களும் உழைத்தவர்கள். அதில் எங்களுக்கும் ஒரு வரி ஓடினால் படம் என்ன நீளவா போகிறது?

குச்சி பிடிக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். சவுண்டு மட்டும் எடுக்கிறோம் என்று கூப்பிட்டால், எத்தனை படம், எத்தனை வருஷம், வேறு யாருக்குத் தரலாம் என்று காகிதத்தில் எழுதி வாங்காமல் கிட்டைப் பிரிக்காதீர்கள். இசையமைப்பாளர்களே, தயாரிப்பாளர்களே, உங்களிடம் நான் பழைய பாக்கியைக்கூடக் கேட்கவில்லை. இனி வரும் படங்களில் சாம்பிளாக இருந்தாலும் சரி, ஆளாக உட்கார்ந்து வாசித்தாலும் சரி, 'ட்ரம்ஸ்' என்று எழுதி அதன் எதிரே அடித்தவன் பெயரைப் போடுங்கள். அந்தப் பெயர் இருந்தால்தான் சட்டத்தின் வாசலில் நின்று எங்கள் கூலியை நாங்களே கேட்டு வாங்கிக்கொள்ள முடியும்.