பள்ளிக்கூடமா, வீடா? காலை 10 மணிக்குப் பிள்ளை கையில் என்ன?

சாத்தூர் அருகே இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடம். ஆடி கடைசி வெள்ளி வந்தால் மாரியம்மன் கோவிலில் எள் விழ இடமிருக்காது. அக்கினிச் சட்டி ஏந்தி வரும் தாய்மார்களில் பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டவர்கள் உண்டு.

வரம் கிடைத்து, பிள்ளை வளர்ந்து, ஐந்து வயது ஆனதும் அடுத்த கவலை பிடித்துக்கொள்கிறது. எங்கே படிக்க வைப்பது?

"பள்ளிக்கூடமே வேண்டாம், வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன?" என்று கேட்கிற பெற்றோர் இப்போது இருக்கிறார்கள். சென்னை, கோவை போன்ற ஊர்களில் சில குடும்பங்கள் செய்தும் காட்டுகின்றன. 'வீட்டுக்கல்வி' என்று அதற்குப் பெயர்.

அவர்கள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. தனியார் பள்ளிக் கட்டணம் கழுத்தை நெரிக்கிறது. விடிந்ததும் வேன் ஏறிய பிள்ளை இருட்டுகிற நேரத்தில் வாடிய கீரையாக வந்து இறங்குகிறது. "மார்க்கு, மார்க்கு" என்று விரட்டுகிறார்கள். மெதுவாகப் படிக்கிற பிள்ளை கூட்டத்தில் காணாமல் போகிறது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கந்தக பூமியான சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்காமல் பதில் சொல்லக்கூடாது.

"வீட்டிலேதான் இருக்கு!"

"பிள்ளை பள்ளிக்கூடம் போகலையா?"

"இல்லை அண்ணாச்சி, வீட்டிலேதான் இருக்கு."

ஒரு காலத்தில் இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். வீட்டில் இருந்த பிள்ளை தீப்பெட்டி ஒட்டியது. கட்டையில் குச்சி அடுக்கியது. கொஞ்சம் வளர்ந்ததும், கோழி கூவும் முன்னே வந்து நிற்கும் பஸ்சில் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனது. 1970, 80-களில் சிவகாசி என்றாலே குழந்தைத் தொழிலாளர் என்று உலகம் பூராவும் பேசியது இதனால்தான்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1996 டிசம்பர் 10-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வைத்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு ரூ.20 ஆயிரம் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசாங்கம் வேலை தர வேண்டும், இல்லாவிட்டால் ரூ.5 ஆயிரம் தன் பங்காகப் போட வேண்டும். பிள்ளை படிக்கப் போக வேண்டும்.

அன்று தலைகுனிந்த இதே விருதுநகர் மாவட்டம், பிளஸ்-2 தேர்ச்சியில் பல வருடங்கள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. பிள்ளைகளை வீட்டிலிருந்து கிளப்பிப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்ததால் வந்த பெருமை அது.

பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீடு

இன்னொரு பழைய கதையும் உண்டு. 1953-ல் ராஜாஜி முதல்-மந்திரியாக இருந்தபோது கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற வாத்தியாரை வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பது அவர் கணக்கு. ஊர் சும்மா இருக்கவில்லை. "குலக்கல்வி" என்று பெயர் வைத்து எதிர்த்தது. சிரைப்பவர் மகன் சிரைக்க வேண்டும், வெளுப்பவர் மகன் வெளுக்க வேண்டும் என்பதா என்று கேட்டது.

1954 ஏப்ரலில் காமராஜர் முதல்-மந்திரி ஆனார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. மூடிய பள்ளிகள் திறந்தன. புதுப் பள்ளிகளும் வந்தன. பிறகு மதிய உணவு வந்தது. அவர் விருதுநகர்க்காரர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். வீட்டில் இருந்த பிள்ளைக்கு எது கிடைக்காது என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை. சேர்க்காத பெற்றோருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. 2012-ல் வந்த திருத்தம், கடுமையான ஊனம் உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தே படிக்க உரிமை கொடுத்தது. அதே வருடம் டெல்லி ஐகோர்ட்டில் நடந்த வழக்கில், தாமாக விரும்பி வீட்டில் படிக்க வைக்கும் பெற்றோருக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய அரசே சொன்னது.

ஆக, வீட்டுக்கல்வி குற்றம் இல்லை. பரீட்சைக்கும் வழி உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். மாநில அரசின் தனித்தேர்வும் இருக்கிறது.

இனிமேல்தான் சிக்கல்.

2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்கிறது. ஆனால் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம். நல்லது. ஆனால், பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்குப் பள்ளி விடும் நேரம் எது? விடுமுறை எது?

மணி அடிக்கிற பள்ளிக்கூடம் இருந்தால்தான் வேலை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியும். மணியை எடுத்துவிட்டால் 24 மணி நேரமும் 'பள்ளி விட்ட பிறகு'தான்!

இது பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கிற ஊர் மட்டும் அல்ல. மருந்து புழங்குகிற ஊர். 2012 செப்டம்பர் 5-ந் தேதி, ஆசிரியர் தினத்தன்று, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து சுமார் 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலி. இவை ஆலைகளில் நடந்தவை. வீட்டுத் திண்ணையில் கள்ளத்தனமாகப் பட்டாசு செய்து போலீசில் மாட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் திண்ணையிலேதான் பிள்ளையும் இருக்கிறது.

கொரோனா காட்டிய பாடம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருடத்துக்கு மேல் தமிழ்நாடு பூராவும் வீட்டுக்கல்விதான். செல்போனும், சொல்லிக்கொடுக்கப் படித்த ஆளும் இருந்த வீட்டில் பிள்ளை தாக்குப்பிடித்தது. இரண்டும் இல்லாத வீட்டில் படித்த எழுத்தும் மறந்தது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைச் சாயங்கால வகுப்பு எடுக்க அனுப்பியது அரசு.

வீடு பள்ளிக்கூடம் ஆவதற்குச் சுவரில் கரும்பலகை மாட்டினால் போதாது. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வேறு வேலை இருக்கக்கூடாது. கூலிக்குப் போகும் வீட்டில் அது எப்படி முடியும்?

நாலு கேள்விகள்

வீட்டுக்கல்வி என்று நினைக்கிற பெற்றோர் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வருமாறு:-

தினமும் நாலு மணி நேரம் பிள்ளையோடு உட்கார ஒரு பெரிய ஆள் வீட்டில் உண்டா?

கணக்கு, அறிவியல், இங்கிலீஷ் மூன்றும் எட்டாம் வகுப்பு வரைக்கும் சொல்லிக்கொடுக்க முடியுமா?

எந்த வயதில், எந்தப் பரீட்சை என்று இன்றைக்கே முடிவு செய்தாயிற்றா?

பிள்ளை விளையாட, சண்டை போட, சமாதானம் ஆக நாலு பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் உண்டா?

நாலுக்கும் "ஆமாம்" என்றால் செய்யட்டும். யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கு "பார்ப்போம்" என்று பதில் வந்தாலும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே நல்லது. அங்கே வாத்தியார் மட்டும் இல்லை. சத்துணவு இருக்கிறது, இலவசப் புத்தகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை ஒருநாள் வராவிட்டால் "ஏன் வரலை?" என்று கேட்க ஒரு பதிவேடு இருக்கிறது.

பதிவேடு வேண்டும்

அந்தக் கேள்வியை வீட்டுக்கல்விப் பிள்ளைக்கும் கேட்க யாராவது வேண்டும். ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கே இடமில்லை. அமெரிக்காவில் எல்லா மாநிலத்திலும் உண்டு. ஆஸ்திரியாவில் நடுவழி: வீட்டில் படிக்கலாம், வருடக் கடைசியில் வெளியே வந்து பரீட்சை எழுத வேண்டும்.

நமக்கு அந்த நடுவழி பொருந்தும். வீட்டில் படிக்க வைப்பவர் வட்டாரக் கல்வி அலுவலரிடம் பெயர் பதியட்டும். பருவத்துக்கு ஒரு தடவை ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். உண்மையாகச் சொல்லிக்கொடுக்கும் தாய்க்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. 'வீட்டிலே படிக்குது' என்று சொல்லித் தீப்பெட்டி ஒட்ட வைப்பவர் மாட்டிக்கொள்வார்.

பள்ளிக்கூடமா, வீடா என்பது பெற்றோர் இஷ்டம். ஆனால் காலை 10 மணிக்குப் பிள்ளை கையில் என்ன இருக்கிறது என்பது ஊர் கேட்க வேண்டிய கேள்வி. புத்தகம் இருந்தால் வீடும் பள்ளிக்கூடம்தான். கட்டையும் பசையும் இருந்தால், எந்தப் பெயர் வைத்தாலும், அது தீப்பெட்டி ஆபீஸ்தான்!