டைல்ஸ் இருக்கட்டும்... எர்த் இருக்கா?

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை! விழுப்புரம் மாவட்டத்தில் ஏராளமான வீடுகளுக்குள் தண்ணீர்.

வெள்ளம் வடிந்ததும் பெயின்ட், டைல்ஸ் என்று வீட்டைப் புதுப்பிக்கிறோம். ஒயரிங்? "லைட்டுதான் எரியுதே, அப்புறம் பார்த்துக்கலாம்!" அங்கேதான் தப்பு பண்றோம். நனைந்த சுவர் காய்ந்த பிறகு, எலெக்ட்ரீஷியனை 'மெகர்' வைத்து ஒயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

"ட்ரிப்பர் இருக்கே?" என்பீர்கள். சாதாரண எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை; நம்மை அல்ல. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே சப்ளையைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.தான் உயிரைக் காக்கும். கீஸர், வாஷிங் மெஷின் உள்ள வீட்டில் அது கட்டாயம் வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். கரன்ட் கட்டாகாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது எர்த். இரும்பைப் பக்கம் செம்மண் மேடு. மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

டைல்ஸ் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலே இதெல்லாம் முடியும். ஈரக் கையோடு சுவிட்ச் போடுகிற குழந்தை எல்லார் வீட்டிலும் உண்டே!