இரவுச் சாலையில் தானியங்கி ஹைபீம் விளக்கு: எமது சங்கத்தின் நிலைப்பாடு

எதிரே வாகனம் வரும்போது முகப்பு விளக்கை ‘டிம்’ செய்து, அது கடந்து சென்றபின் மீண்டும் ‘பிரைட்’ செய்யும் கடமையை ஓட்டுநரின் கையிலிருந்து வாங்கி யந்திரத்தினிடம் ஒப்படைக்கும் தானியங்கி ஹைபீம் வசதி, விலையுயர்ந்த கார்களை விட்டிறங்கி நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் கார்களிலும் இப்போது இடம்பெற்றுவிட்டபடியால், தமிழ்நாட்டுச் சாலைகளில் அதனை எங்கே உபயோகிக்கலாம், எங்கே உபயோகிக்கலாகாது என்பதைப் பற்றிய தன் அபிப்பிராயத்தை வெளிப்படையாகத் தெரிவிப்பது அவசியமென்று எமது சங்கம் கருதுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நடுத்தடுப்புள்ளதும் ஆள் நடமாட்டமற்றதுமான நாற்கரச் சாலையில் இவ்வசதியைத் துணையாகக் கொள்ளலாம். இருவழிச் சாலையிலும், ஊர்ப்புறங்களிலும், மலைப்பாதையிலும், யாத்திரிகர் நடந்து செல்லும் வழிகளிலும் அதனை நிறுத்திவிட்டு, விளக்கைக் கையாலேயே மாற்ற வேண்டும். எந்தச் சாலையானாலும் விளக்கைத் தாழ்த்தும் பொறுப்பு ஓட்டுநருடையதே. யந்திரம் தவறிவிட்டது என்பதை ஒரு சமாதானமாக நாங்கள் ஏற்கமாட்டோம்.

இந்த யோசனை புதிதன்று. 1952ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், டாஷ்போர்டின் மேல் ஒளியுணர் குழாய் ஒன்றைப் பொருத்தி, எதிர்வெளிச்சம் பட்டவுடன் விளக்கு தானே தாழும்படி அமைத்து, ‘ஆட்ரானிக் ஐ’ என்ற பெயரில் காடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அளித்தது. இன்று அந்தக் குழாயின் ஸ்தானத்தில், முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு சிறு காமிரா இருக்கிறது. எதிரே வரும் வெள்ளை விளக்கையும் முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கையும் அது அடையாளங்கண்டு ஹைபீமைத் தாழ்த்துகிறது. அவை காணப்படாதபோது, வண்டி குறிப்பிட்ட வேகத்தைக் கடந்திருந்தால், தானே உயர்த்துகிறது.

எமது கவலை இங்கேதான் பிறக்கிறது. இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை தேடுவது விளக்குகளையேயன்றி மனிதர்களை அல்ல. தைப்பூசத்தை முன்னிட்டுப் பழனிக்கும், ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணிக்கும் இரவு முழுவதும் சாலையோரமாக நடந்து செல்லும் பல்லாயிரவரும், டைனமோ இல்லாத சைக்கிளில் வேலைமுடிந்து வீடு திரும்பும் தொழிலாளியும், பின்விளக்கு எரியாத டிராக்டரில் கரும்பேற்றிச் செல்லும் விவசாயியும் அக்காமிராவின் கணக்கில் வராதவர்கள். லாரி ஓட்டுநர் தம் விளக்கை இருமுறை அடித்துக் காட்டியேனும் ஆட்சேபிக்க முடியும். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு மண்ணில் இறங்கி நிற்பதைத் தவிரப் பாதசாரிக்கு வேறு மார்க்கம் இல்லை. அவருக்காக விளக்கைத் தாழ்த்த ஒரு மனிதரால்தான் முடியும் என்பதை நாங்கள் மிகுந்த மனவேதனையோடு வலியுறுத்துகிறோம்.

நாற்கரச் சாலையிலும் அபாயம் முற்றும் நீங்கிவிடுவதில்லை. நடுத்தடுப்பில் எதிர்வெளிச்சத்தை மறைப்பதற்கென்றே வளர்க்கப்படும் அரளிச் செடிகள் லாரியின் முகப்பு விளக்குகளைக் காரின் காமிராவுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. லாரி ஓட்டுநரின் கண்களோ அச்செடிகளுக்கு மேலே இருக்கின்றன. ஆகவே, எதிரே யாருமில்லையென்று யந்திரம் நிச்சயித்துப் பாய்ச்சுகிற ஒளி நேரே அவர் கண்களில் சென்று விழுகிறது. வளைவுகளிலும் மேட்டின் உச்சியிலும் தாமதமும் நேர்கிறது: எதிர்வண்டி முழுவதும் வெளிப்பட்ட பிறகே விளக்கு தாழ்கிறது, பழகிய ஓட்டுநரோ, மரக்கிளைகளின்மீது படரும் வெளிச்சத்தைக் கண்டே முன்கூட்டித் தாழ்த்திவிடுகிறார்.

கண் கூசுவதை வெறும் அசௌகரியமென்று எண்ணலாகாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. கூசிய கண் தெளிய மூன்று விநாடி பிடித்தாலும், ஓட்டுநர் ஏறக்குறைய 66 மீட்டர் தூரம் குருடராகவே பிரயாணம் செய்கிறார். வயது ஏற ஏற அந்த நேரமும் நீளும். எதிரே வருபவரின் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி அமைய வேண்டுமென்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் நிபந்தனை விதித்திருப்பதும், முகப்பு விளக்கில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பணியில் நம் போலீஸாரும் போக்குவரத்து அதிகாரிகளும் ஈடுபட்டு வந்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

விளக்கைத் தாழ்த்தவே தாழ்த்தாத ஓட்டுநர்கள் மலிந்த நம் நாட்டில், எப்போதும் களைப்படையாத யந்திரம் மேலல்லவா என்று வாதிப்போர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இருப்பதை மறுக்கவில்லை. நாற்கரச் சாலையில் அதற்கு நாங்கள் இடமளித்திருப்பது அதனாலேதான். ஆனால், கை மறந்த பழக்கம், யந்திரம் தவறுகிற அந்த ஒரு கணத்தில் திடீரென்று திரும்பி வருவதில்லை. எதிரே வருபவர்மீது படும் ஒளிப்பகுதியை மாத்திரம் அணைக்கும் தகவமை விளக்குகளை 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கமும் அனுமதித்தது. அவை நிச்சயமாக மேலானவை. ஆயினும், பாதசாரியைக் கண்டறியாத வரையில் அவற்றிலும் இக்குறை நீங்காது.

ஆதலின், விற்பனையின்போது இவ்வசதி நிறுத்திய நிலையிலேயே வண்டி ஒப்படைக்கப்பட வேண்டுமென்றும், திரையில் பல படிகள் தேடாமல் ஒரே பொத்தானில் அதை நிறுத்த வழியிருக்க வேண்டுமென்றும், அதன் வரம்புகள் தமிழில் அச்சிட்டுத் தரப்பட வேண்டுமென்றும் உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பாதசாரி, விளக்கற்ற சைக்கிள், டிராக்டர் டிரெய்லர் ஆகியவற்றைக் கொண்டு இக்கருவியைச் சோதித்த பின்னரே அங்கீகாரம் வழங்குமாறு அரசாங்கத்தை வேண்டுகிறோம். எமது அங்கத்தினர் அதுவரை காத்திராமல், நாற்கரச் சாலையைவிட்டு ஊர்ச் சாலையில் இறங்கும்போதே இவ்வசதியை நிறுத்திவிடவும், சாலையோரம் ஒருவர் நடந்து வரக் கண்டால், எதிரே வாகனம் வந்தால் எப்படியோ அப்படியே, விளக்கைத் தாழ்த்தவும் கடமைப்பட்டவர்கள்.