பாட்டில் ஒன்று, நீதி இரண்டு

காரைக்காலில் சாராயக்கடைகள் அரசு உரிமத்தோடு நடக்கின்றன. அதே சாராயம் காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் நாகை, மயிலாடுதுறை எல்லையைத் தாண்டினால் குற்றம். ஏலம் எடுத்தவர் முதலாளி; பாட்டில் சுமந்த கூலியாள் குற்றவாளி. வசதியானவர் அந்தப் பாட்டிலில் வீட்டுக்குள் பீர் தயாரித்தால் பொழுதுபோக்கு. சேரியில் ஊறல் போட்டால் சாதிப்புத்தி!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் உள்ளிட்ட பகுதிகளில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது ஊறல் அல்ல, தொழிற்சாலைகளுக்கான மெத்தனால். செத்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் நிவாரணம் என்றதும், ‘குடிகாரர்களுக்கு எதற்கு?’ என்றார்கள். நாம் கேட்பது வேறு: ஆலைச் சரக்கான மெத்தனால் சேரிக்குள் வரும்வரை வழிவிட்டவர்கள் யார் யார்? பாட்டிலைச் சுமப்பவரோடு வழக்கை முடிக்காதீர்கள், நிரப்புகிறவரைப் பிடியுங்கள்.