கேஸ் தீரவில்லை, கசிகிறது

ஓராண்டுக்குள் மூன்று முறை எங்கள் வீட்டு ஏர்கானுக்கு "கேஸ்" போட்டேன். முதல் முறை 90 வெள்ளி. நான்கு மாதம் கழித்து மறுபடியும் 90. மூன்றாவது முறை, பழைய வாடிக்கையாளர் என்று சலுகை கொடுத்து 80. ஆக 260 வெள்ளி. ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் அறை ஜில்லென்று இருக்கும். பிறகு 25 பாகையில் வைத்தாலும் இரவு பதினொரு மணிவரை வெக்கை போகாது.

நாங்கள் இருப்பது கேலாங்கில், அல்ஜுனிட் கிரசென்ட் பக்கம் ஒரு வீவக வீட்டில். பிற்பகல் வெயில் நேராக அம்மாவின் அறைக்குள்தான் இறங்கும். அவருக்கு 78 வயது. ஈஸ்னோஃபீலியா என்று ஊரில் சொல்வார்களே, அந்த இழுப்பு சின்ன வயதிலிருந்தே உண்டு. அறை புழுங்கினால் இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். காலையில் கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2இல் இருக்கும் சிவன் கோயிலுக்கு நடந்தே போய்வருபவர், இந்த ஆண்டு மார்ச்சில் இரண்டு வாரம் வாசலைத் தாண்டவில்லை. தூக்கம் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

மாதத்தில் ஒரு வாரம் வீட்டுச் சாமான்களைப் பற்றி எழுதுவது இந்தப் பத்தியின் வழக்கம். அடுத்தவர் வீட்டுக் குழாய்க்கும் அடுப்புக்கும் ஆலோசனை சொல்கிற ஆள், தன் வீட்டில் மூன்று முறை ஏமாந்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"கேஸ் தீர்ந்துவிட்டது" என்ற சொல்லே தப்பு. அது சமையல் எரிவாயு மாதிரி எரிந்து தீர்வதில்லை, பெட்ரோல் மாதிரி செலவாவதும் இல்லை. அடைத்த செப்புக் குழாய்ச் சுற்று ஒன்றுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். அறைக்குள் ஆவியாகி வெப்பத்தை வாங்கும்; வெளியே இருக்கும் கருவியில் திரவமாகி வெப்பத்தைக் கொட்டும். பத்தாண்டு ஓடினாலும் அளவு குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, அடி பொத்தலான குடத்தில் தண்ணீர் இறைப்பதுதான். இதைத் தெரிந்து வைத்திருந்தும் மூன்று முறை காசு கொடுத்தேன். அவசரம். அம்மா தூங்க வேண்டும்.

மூன்றாவது முறை வந்தவர் திருவாரூர்ப் பக்கத்து இளைஞர். வேலை முடிந்து ஏணியை மடக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணே, ஆபீஸுக்கு போன் பண்ணி லீக் டெஸ்ட் வேணும்னு கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க." ஏன் நீங்களே பார்க்கக் கூடாது என்று கேட்டேன். ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம். ஒரு நாளைக்கு எட்டு வீடு. கசிவு தேட நாலு மணி நேரம் ஆகும். அன்றைக்குப் பாதி வீடுகள் போய்விடும். அவர் இப்போது வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

போன் செய்தேன். பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, அதே தம்பி வந்தார். இந்த முறை கூடவே ஒரு நைட்ரஜன் உருளை, எடைக்கருவி, வெற்றிடப் பம்பு.

முதலில் அவர் குழாயைத் தொடவே இல்லை. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார், உள்ளே சுருளைப் பார்த்தார். தூசு அடைத்துக் காற்று போகாவிட்டாலும் அறை குளிராது, சுருளில் பனிக்கட்டியும் பிடிக்கும். கேஸ் குறைந்தாலும் பனி பிடிக்கும். அந்தப் பனி உருகித் தரையில் சொட்டும்போது "தண்ணீர்தான் லீக்" என்று வடிகுழாயைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டாவது முறை நடந்தது அதுவேதான். தண்ணீர்க் கசிவும் கேஸ் கசிவும் வேறு வேறு நோய். ஒன்று இன்னொன்றின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வரும்.

அடுத்து ஒரு கேள்வி: "எல்லா ரூமும் குளிரலையா, அம்மா ரூம் மட்டுமா?" எங்களுடையது சிஸ்டம் 3. மூன்று அறைக்கும் வெளியே ஒரே கருவி. மூன்றும் மந்தம், அம்மா அறை மிக மோசம் என்றேன். ஓர் அறை மட்டும் என்றால் அந்த அறைக் கருவியிலேயே கோளாறு இருக்கலாம், மூன்றும் என்றால் பொதுவாக ஓடும் கேஸ் குறைந்திருக்கிறது என்றார். வெளிப்புறக் கருவியில் மெல்லிய குழாய் சேருமிடத்தில் பனி படர்ந்திருந்ததைக் காட்டினார். அதுவும் சாட்சி.

மிச்சமிருந்த கேஸை ஓர் உருளைக்குள் இழுத்துச் சேமித்துக்கொண்டார். காற்றில் திறந்துவிடுவது சுலபம், பலர் செய்கிறார்கள். எங்களுடைய பழைய கருவியில் இருப்பது ஆர்410ஏ. அதில் ஒரு கிலோ கசிந்தால், புவி வெப்பத்தைக் கூட்டும் கணக்கில் அது 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இப்போது கடைகளில் வரும் ஆர்32க்கு அந்த எண் 675. 750க்கு மேல் எண் உள்ள வாயுவுடன் வரும் வீட்டு ஏர்கான்களை 2022 அக்டோபர் முதல் இங்கே புதிதாக விற்பனைக்குக் கொண்டுவர தேசிய சுற்றுப்புற வாரியம் அனுமதிப்பதில்லை. ஆர்32 லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கருவி வைத்திருப்பவர்கள், கசிவு தேடும்போது சன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

காலியான குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, முள் நின்ற இடத்தைப் பேனாவால் குறித்துவைத்தார். இதற்கு ஆக்ஸிஜனை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும். இனி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அம்மா தேநீர் போட்டுக் கொடுத்து, ஊர், பெற்றோர், தங்கையின் கல்யாணம் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் மாண்ட்ரியலில் இருக்கும் என் சித்தி மகன் அனுப்பிய காணொளியைத் தம்பிக்குக் காட்டினேன். மார்ச், ஏப்ரலில் அங்கே மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும் பருவம். இரவில் உறைபனி, பகலில் உருகும் வெயில், இரண்டும் மாறி மாறி வந்தால்தான் சாறு வரும். நாற்பது லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. முன்பு வாளி கட்டி எடுத்தார்கள். இப்போது மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் இழுத்து, மலையடிவாரத்தில் வெற்றிடப் பம்பு வைத்து உறிஞ்சுகிறார்கள். காட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் குழாய். ஓர் அணில் கடித்தால் போதும். காற்று உள்ளே போகும், பம்பின் இழுவை குறையும், சாறும் குறையும். எங்கள் பாட்டனார் காலத்துப் பனையேறிக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருக்குக் கசிவு என்றால் கலயத்தில் விரிசல், ஏறினால் தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு மரமும் ஏற வேண்டும்.

காணொளியில் ஒருவர் பனியில் நடந்துகொண்டே ஓட்டை தேடுகிறார். முதலில் பம்பு, அதையொட்டிய இணைப்புகள். அவை சரியென்றால் பெரிய குழாய்களின் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுகிறார். எதை மூடும்போது மானி முள் ஏறுகிறதோ, கசிவு அந்தப் பக்கம். பிறகு அந்தக் கிளைக் குழாயோடு நடந்து, உள்ளே ஓடும் குமிழ்களைப் பார்க்கிறார். ஓட்டையிலிருந்து பம்பு வரை குமிழ்கள் விரைந்து பாயும். ஓட்டையைத் தாண்டி மேலே போனால் ஓட்டம் அமைதியாகிவிடும். இடையில் நின்று காது கொடுத்தால் "உஸ்" என்று கேட்கும்.

தம்பி இரண்டு முறை போட்டுப் பார்த்தார். "நம்ம வேலைதான்ணே. மரத்துல பண்றாங்க" என்றார்.

ஒரு மணி நேரத்தில் முள் இறங்கியிருந்தது. ஆனாலும் உடனே கசிவு என்று சொல்லவில்லை. வெளிக் கருவியின் மேல் வெயில் போய் மேகம் வந்திருந்தது. வாயு குளிர்ந்தாலும் அழுத்தம் குறையும். வெப்பநிலையைப் பார்த்து, "இது அதைவிட அதிகம்" என்று கணக்குப் போட்ட பிறகுதான் சோப்புத் தண்ணீரை எடுத்தார்.

நேரே சேவை வால்வுக்குப் போனார். கேஸ் ஏற்றும் வாய் அது. உள்ளே சைக்கிள் டியூப் வால்வு மாதிரி ஒரு சிறு ஊசி, மேலே ஒரு மூடி. ஒவ்வொரு டாப்-அப்பும் இந்த ஊசியை அழுத்தித்தான் நடக்கிறது. ரப்பர் தேய்ந்தாலோ, மூடியைச் சரியாக முறுக்காமல் போனாலோ கேஸ் ஏற்றிய வழியே வெளியேறிவிடும். அங்கே குமிழ் வரவில்லை. பிறகு இணைப்புகள். குழாய் நடுவில் அவ்வளவாக ஓட்டை விழாது; நட்டு போட்டுச் சேர்த்த இடங்களில்தான் சந்தேகம். அம்மா அறையில் கருவியின் பின்னால் சுற்றியிருந்த காப்புறையைக் கிழித்தபோது எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சிறிது சுற்றும். கேஸ் பறந்துவிடும், எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீர் தடவியதும் ஊசிமுனை அளவில் ஒரு குமிழ், பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக.

நட்டைக் கழற்றினார். செப்புக் குழாயின் விரிந்த வாயில் மயிரிழை வெடிப்பு. பொருத்தியவர் பலம் போட்டு முறுக்கியிருக்கிறார். தளர்வாக விட்டால் கசியும், அதிகமாக முறுக்கினால் வெடிக்கும். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் வரைதான். அதற்கென்று அளவு காட்டும் திருகி இருக்கிறது. கை பலத்தை நம்புகிறவர்கள் அதைப் பையிலிருந்து எடுப்பதில்லை. வெடித்த பகுதியை வெட்டி, வாயைப் புதிதாக விரித்து, அளவோடு முறுக்கினார். மீண்டும் நைட்ரஜன். முள் நின்றது. மணி மூன்றாகிவிட்டது. அவருக்கு அலுவலகத்திலிருந்து இரண்டு அழைப்பு. தெம்பனிசில் அடுத்த வீடு காத்திருந்தது.

நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் வெற்றிடப் பம்பை மாட்டினார். குழாய்க்குள் காற்றும் ஈரமும் இருக்கக் கூடாது. ஈரம் எண்ணெயோடு சேர்ந்தால் அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான் என்றால், உள்ளே 500க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அவ்வளவு தாழ்ந்த அழுத்தத்தில் தண்ணீர் சாதாரண அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். முக்கால் மணி நேரத்தில் 400ஐத் தொட்டது. வால்வை மூடிவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

450. 600. 900. நிற்கவில்லை.

எனக்கு வயிறு கலங்கியது. ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம், இன்னும் இழுக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் கசிவு. இது ஏறிக்கொண்டே போனது. அப்படியானால் இன்னொரு ஓட்டையா? மறுபடியும் மூன்று அறையையும் கிழிக்க வேண்டுமா?

அவர் குழாய்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை. தன்னுடைய ரப்பர் ஹோஸைக் கழற்றி, நுனியிலிருந்த வாஷரைப் புரட்டினார். தேய்ந்து ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. "மொதல்ல நம்ம சாமானைச் சந்தேகப்படணும்ணே. அந்த வீடியோக்காரரும் பம்பைத்தானே மொதல்ல பார்த்தாரு." புது வாஷர் போட்டு மறுபடி இழுத்து மூடினார். 400, 430, 460, 480. அங்கேயே நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம், 480.

கருவியின் பக்கவாட்டுத் தகட்டில் அச்சிட்டிருக்கும் எடையைப் பார்த்து, உருளையைத் தராசில் வைத்து, கிராம் கணக்கில் கேஸ் ஏற்றினார். என்னிடமிருந்த மூன்று பழைய ரசீதுகளில் ஒன்றிலும் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கவில்லை. அடுத்த முறை யாராவது உங்கள் வீட்டில் கேஸ் போட்டால் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை கிராம்? போன தடவை ஏற்றியது எங்கே போனது என்று அடுத்த கேள்வி தானாக வரும். புதுக் கருவி பொருத்துகிறவர்கள், வந்திருப்பவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவரா என்று அட்டையைப் பார்த்துவிடுங்கள். அந்த ஒரு நட்டைப் பொருத்திய அன்றைக்கு நான் அலுவலகத்தில் இருந்தேன். யார் வந்தார், என்ன செய்தார் என்றே தெரியாது.

கட்டணம் 320 வெள்ளி. மூன்று டாப்-அப்பைவிட 60 வெள்ளி அதிகம்.

தெம்பனிஸ் வீட்டுக்கு அவர் போகும்போது மணி ஐந்தரை. அவர்களிடம் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அன்றிரவு ஒன்பது மணிக்கு அம்மா தன் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று ஓடினேன்.

"இதை 27ல வை, குளிருது" என்றார்.