கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

மறைமலை நகரில் ஏறி தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் லோக்கல் ரயிலில் எத்தனை தடவை காதில் விழுகிறது! "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. நிற்கிறவருக்கும் கால் வலிக்கும், தள்ளி உட்காரலாம்.

ரயிலைவிட்டு இறங்கிய பிறகு கேட்பதுதான் தாங்கவில்லை.

எங்கள் மறைமலை நகர் தொழிற்பேட்டையில் 'அட்ஜஸ்ட்' நல்ல சொல். பிரேக்கை அட்ஜஸ்ட் செய்வார்கள், வால்வு இடைவெளியை அட்ஜஸ்ட் செய்வார்கள். ஆங்கிலத்திலும் ஒரு பொருளைத் திருகியோ நகர்த்தியோ சரியான நிலைக்குக் கொண்டுவருவதுதான் அந்த வினை. மனிதருக்குச் சொன்னால், புதுச் சூழலுக்குப் பழகிக்கொள்வது. எதிலும் ஓர் அளவு உண்டு. நம் வாய்க்கு வந்ததும் அந்த அளவு போய்விட்டது.

வீட்டுக்காரர் ஒரு வேளைதான் மோட்டார் போடுவார். குடியிருப்பவர் அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஓவர்டைம் பணம் இந்த மாதம் வராது, அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா. புருஷன் அடித்தான் என்று வந்து நிற்கும் மகளிடம் பெற்றவளே சொல்கிறாள்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா." நகர வேண்டியவர் எப்போதும் எளியவர்தான். சொல்கிறவர் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை.

இது எதுவரை போகும் என்பதைக் கேரளத்தில் பார்த்தோம். மலையாளத் திரையுலகப் பெண்களின் நிலையை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் 2017-ல் ஒரு குழு அமைந்தது. வாய்ப்புக்கு விலையாகப் பெண்ணின் உடலைக் கேட்பதற்கு அங்கே புழங்கிய பெயர்களில் ஒன்று 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று அதன் அறிக்கை சொன்னது. 2019 கடைசியில் கொடுத்த அறிக்கை; வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். அத்தனை காலம் அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள்.

வேதாசலம் என்ற பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டு, 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயரைத் தாங்கிய ஊர் எங்கள் மறைமலை நகர். ஆங்கிலச் சொல் புழங்குகிறதே என்பதல்ல என் ஆதங்கம். 'பொறுத்துப் போ' என்று நல்ல தமிழில் சொன்னாலும் அநியாயம் அநியாயம்தான். ஆனால் பொறுத்துப் போ என்னும்போது, பொறுக்க வேண்டிய கொடுமை ஒன்று நடக்கிறது என்றாவது ஒப்புக்கொள்கிறோம். அட்ஜஸ்ட் பண்ணு என்பதில் அதுகூட இல்லை. கூடவே ஒரு 'கொஞ்சம்' வேறு. எது கொஞ்சம்? கன்னத்தில் விழுந்த அறையா?

அந்தத் தாயிடம் ஒன்று கேட்கிறேன். கையை அடக்கு என்று மாப்பிள்ளையிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா, அம்மா?